இருநூற்றுப் பதினேழு பயான்கள்

07.10.2018
பல்கலைக்கழக போர்டிங்

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹவ்வா மாமியின் போனுக்கு எடுத்து உங்களோடு கதைத்தால், நான் சொல்வது உங்கள் காதில் விழும் முன் கரைத்தீவு முழுக்க விழுந்துவிடுகிறது. உங்கள் சின்னப் போனுக்குத் தமிழில் எழுதி அனுப்பினால் கட்டம் கட்டமாக வருகிறது என்கிறீர்கள். ஆகவே முத்திரை ஒட்டியே கேட்கிறேன். எனக்கு ஒரு மடிக்கணினி வேண்டும்.

போன வருடம் தேவையில்லை என்று நான்தான் சொன்னேன். இந்த வருடம் புவியியலைச் சிறப்புப் பாடமாக எடுத்துவிட்டேன். கற்பிட்டிக் கரையைக் கடல் எவ்வளவு தின்றிருக்கிறது என்று வரைபடம் போட வேண்டும். அது கணினி இல்லாமல் நடக்காது. இப்போது என் அறைத்தோழி யதுர்சிகாவின் கணினியை, அவள் குளிக்கப் போகிற நேரத்திலும் கோயிலுக்குப் போகிற நேரத்திலும் எடுத்து வேலை செய்கிறேன். அவள் ஒரு சொல் சொன்னதில்லை. கொஞ்ச நாளாக அவள் அதிக நேரம் குளிக்கிறாள். அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புதியது வேண்டாம். நம்மால் முடிகிற விலைக்குக் கடையில் மினுங்குகிற புதியதெல்லாம் பெயருக்குத்தான் கணினி. என் வரைபடத்தைத் திறந்தால் மூச்சு முட்டி நின்றுவிடும். கொழும்பில் கொம்பனிகள் பாவித்துக் கழித்ததில் நல்லவை கிடைக்கும். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று தனித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன், அதைக் கடைக்காரரிடம் நீட்டுங்கள். பற்றரி இரண்டு மணித்தியாலமாவது நிற்கிறதா என்று அங்கேயே இருந்து பாருங்கள். மீனுக்குச் செவுள் பார்ப்பது போல் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. இலவசம் என்று சொல்லிப் படமும் பாட்டும் நிரப்பித் தருவது கடைக்காரர்களின் வழக்கம். எனக்கு ஒன்றும் வேண்டாம். வெறுமையாகத் தரச் சொல்லுங்கள்.

ஸஹ்றா

---

18.11.2018
கரைத்தீவு

மகள் ஸஹ்றாவுக்கு,

உன் ஸலாத்துக்கு என் ஸலாம். கடிதம் கிடைத்தது. அதில் யதுர்சிகா மூன்று வரியில் வருகிறாள். தொழுகை ஒரு வரியிலும் வரவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

புத்தளம் டவுனில் மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் ஒரு பிள்ளை அரை மணித்தியாலம் கதைத்தது. நானும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், மாதாமாதம் வட்டியோடு கட்டுகிற படிவத்தில் என் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறது. பேனையைப் பிடுங்கி வைத்துவிட்டு வந்தேன். இருபத்திரண்டு வருடம் ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு மிஞ்சியது இந்தத் தலையாட்டல்தான்.

மூன்றாவது, லத்தீபின் கடை. முசலியில் நம் பக்கத்து ஊர்க்காரரின் மகன். வாயைத் திறந்து சத்தமாகக் கதைக்கத் தெரிந்தவன், உதட்டைப் பார்த்தாலே விளங்கும். உன் துண்டைப் படித்துவிட்டு, கொழும்பில் மூடிப்போன ஒரு அலுவலகத்தின் கணினியை எடுத்து வைத்தான். கறுப்பு நிறம், ஒரு மூலையில் கீறல். இரண்டேகால் மணித்தியாலம் கதிரையில் இருந்து பற்றரியைப் பார்த்தேன். அவன் தேத்தண்ணியும் தந்தான். முசலி வளவில் கூரை போட வைத்திருந்த காசில் எடுத்தேன். அந்த வீடு இருபத்தெட்டு வருடம் கூரை இல்லாமல்தானே இருந்தது.

வெறுமையாகக் கேட்டிருந்தாய். லத்தீப் சொன்னான், “மாமா, வெறுமையாக் குடுத்தா நாளைக்கு யாராவது படத்தப் போட்டு நிரப்புவாங்க. நான் பயான் போட்டுத் தாறன். இங்க வாற எல்லாருக்கும் அதத்தான் போடுறன், சல்லி ஒண்டும் வேணாம்.” எனக்கு அது நல்லதாகப் பட்டது. உம்மா இல்லாத பிள்ளை, மார்க்கப் பேச்சாவது காதில் விழட்டும் என்று நினைத்தேன். இருநூற்றுப் பதினேழு பயான் போட்டிருக்கிறான். யார் யார் பேசியது என்று நான் கேட்கவில்லை. பள்ளியில் ஜும்ஆவுக்குப் போனாலும் நான் இமாமின் தாடி ஆடுவதைத்தான் பார்த்துவிட்டு வருகிறேன். எனக்கும் சேர்த்து நீ கேள்.

குறிஞ்சிப்பிட்டியில் இருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிற அருளப்பு தன் லொறியில் கொண்டுவருகிறான். தம்புள்ளையில் இருந்து தானே பஸ் ஏறி உன் கையில் தருவதாகச் சொன்னான். அவனுக்கு ஒரு நேரச் சோறு வாங்கிக் கொடு.

வாப்பா

---

01.12.2018

அன்புள்ள வாப்பாவுக்கு,

அருளப்பு மாமா சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுப் போனார். கணினி நன்றாக வேலை செய்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்தது பிழையே இல்லை. யதுர்சிகாவினதைவிட இதில் வரைபடம் சீக்கிரம் திறக்கிறது. முதல் நாள் நான் அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். கூரைக் காசு என்று தெரிந்ததும் சந்தோசம் பாதியாகிவிட்டது.

தொழுகையைக் கடிதத்தில் எழுத மறந்தேன், தொழ மறக்கவில்லை.

வெறுமையாகத்தானே கேட்டேன், வாப்பா. இடம் பாதி நிறைந்து வந்திருக்கிறது. அதைவிட, நீங்கள் என்னை நம்பவில்லை என்பது சுடுகிறது. ஆனாலும் நீங்கள் கேட்கச் சொன்னீர்கள் என்பதற்காகக் கேட்டேன். முதல் இரண்டும் நல்லவை. பெற்றோரைப் பற்றி, பொறுமையைப் பற்றி. மூன்றாவது ஆள் கத்துகிறார். நம்மைத் தவிர மற்றவர்கள் எல்லாரையும் பற்றி அவர் பாவிக்கிற சொற்களை நான் இங்கே எழுத மாட்டேன். யதுர்சிகா பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிளேட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காதது போல வந்து, சம்பல் வேண்டுமா என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் அழிக்கப் போகிறேன். உங்களுக்குத் தெரியாமல் செய்ய மனமில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஸஹ்றா

---

20.12.2018
கரைத்தீவு

ஸஹ்றா,

அழிக்காதே.

தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் முசலியில் இருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளிக்கிடச் சொன்னபோது, ஆளுக்கு ஒரு உடுப்புப் பைதான் என்றார்கள். என் வாப்பா பையைக் கவிழ்த்து உடுப்பைக் கொட்டிவிட்டு மார்க்கக் கிதாபுகளை வைத்தார். கரைக்கு வந்து இறங்கி மூன்று மாதம் ஒரே சாரத்தோடு இருந்தார். அந்த மனிதரின் பேத்தி, ஒரு பொத்தானை அமத்தி இருநூற்றுப் பதினேழையும் அழிக்கப் போகிறேன் என்று எனக்கு எழுதுகிறாள். ஒரு ஆள் பிழையாகக் கதைத்தால் அவனைக் கேட்காதே. மற்றவர்கள் உனக்கு என்ன செய்தார்கள்?

உன் தோழி மனம் நொந்தது எனக்கும் கவலைதான். ஆனால் மார்க்கத்தை அழித்துத்தான் தோழமை வைக்க வேண்டும் என்றால் அது எனக்கு விளங்காத படிப்பு.

அழித்தால் எனக்கு எழுத வேண்டாம்.

வாப்பா

---

06.01.2019

வாப்பாவுக்கு,

அழிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு கோப்புறைக்குள் போட்டு, அதற்கு ‘வாப்பா’ என்று பெயர் வைத்திருக்கிறேன். அதை நான் திறக்க மாட்டேன். நீங்கள் கேட்டது அழிக்கக் கூடாது என்பதுதானே.

பரீட்சை இருக்கிறது. விடுமுறைக்கு வர மாட்டேன்.

ஸஹ்றா

---

27.04.2019
கரைத்தீவு

என் மகளே,

நாலு மாதம் நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அந்தக் கோபத்தை இப்போது ஒரு பக்கம் வை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களில் குண்டு வெடித்ததை நீ அறிவாய். அருளப்புவின் தங்கை மகளை நீர்கொழும்பில் அடக்கம் செய்தார்கள். ஒன்பது வயது. நான் போய் மையவாடி மதிலுக்கு வெளியே நின்றேன். அருளப்பு என்னைக் கண்டான். கண்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனில் பிழையில்லை.

இங்கே வீடு வீடாகத் தேடுகிறார்கள். லத்தீப் கடையைப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டான். இதைச் செய்தவர்களின் தலைவன் என்று பத்திரிகையில் ஒரு பேச்சாளரின் படம் வந்திருக்கிறது. லத்தீப் நிரப்பித் தந்ததில் அந்த ஆளின் பேச்சும் உண்டு என்று அடுத்த வீட்டு ஸியாத் எழுதிக் காட்டினான். ஊரில் பாதி வீட்டில் அது இருந்திருக்கிறது. வாங்கின நாளில் இருந்து யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. எல்லாரும் ஒரே நாளில் அழித்துவிட்டார்கள். அழிக்கக் கூடாது என்று கட்டளை போட்ட மடையன் நான் ஒருவன்தான்.

அழி. எல்லாவற்றையும் அழி. என் பெயர் போட்டு வைத்ததையும் அழி. எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஹவ்வாவின் போனில் சொல்லலாம்தான். ஆனால் எல்லாப் போனையும் ஒட்டுக் கேட்கிறார்கள் என்கிறார்கள். ஒட்டின கடிதத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். பஸ்ஸில் வர வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இரு. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

வாப்பா

---

19.07.2019

அன்புள்ள வாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் ஸுல்பிகா சாச்சி. என்னோடு ஒரே அறையில் இருந்தவர். அவருக்குப் பிணை கிடைத்துவிட்டது. சிறையில் இருந்து தபாலில் வருகிற கடிதத்தை அதிகாரிகள் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். இதை யாரும் படிக்கவில்லை. அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

மே முதலாம் திகதி போர்டிங்கைத் தேடினார்கள். முதலில் என் வரைபடத்தைத்தான் பிடித்தார்கள். களப்பு, தீவு, ஆழம் எல்லாம் எதற்கு என்று கேட்டார்கள். கடல் கரையைத் தின்பதை அளக்கிறேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள். பிறகு அந்தக் கோப்புறையைத் திறந்தார்கள்.

உங்கள் கடிதம் நாலாம் திகதி வந்திருக்கிறது. நான் அப்போது அங்கே இல்லை. வீட்டுக்கார அம்மா பயத்தில் பிரிக்காமலேயே பொலிசில் கொடுத்துவிட்டார். ‘அழி’ என்று நீங்கள் எழுதிய இடத்தில் எல்லாம் சிவப்புக் கோடு போட்டு என் முன்னால் வைத்தார்கள். தகப்பனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நானே லத்தீபிடம் கேட்டு நிரப்பினேன், நானே வாப்பாவிடம் சொன்னேன், அவர் பயந்து பழியைத் தன்மேல் போட்டு எழுதியிருக்கிறார் என்றேன். கையெழுத்தும் வைத்துவிட்டேன். யதுர்சிகாவுக்கு உண்மை தெரியும். சொல்லிவிடாதே என்று கண்ணால் கேட்டேன். அவளும் சொல்லவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கே கேட்ட கேள்விக்கு உடனே பதில் வராவிட்டால் அடிக்கிறார்கள். நான் கண்டிருக்கிறேன். உங்களிடம் ஒரு கேள்வியை நாலு தரம் கேட்க வேண்டும். அதை நினைத்துத்தான் சொன்னேன்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது, வாப்பா. இல்லை என்று எழுதினால் அது பொய். தொழுதுவிட்டு இருக்கும்போதும் வருகிறது. வெறுமையாகத்தானே கேட்டேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் இங்கே வந்து உண்மையைச் சொன்னால் என்னை விட மாட்டார்கள், உங்களையும் சேர்த்துப் போடுவார்கள். ஆகவே வராதீர்கள். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாதீர்கள்.

ஸஹ்றா

---

11.08.2019
கரைத்தீவு

மகள் ஸஹ்றாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில்தான் அனுப்புகிறேன். உன் கைக்கு வரும் முன் தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி இதைப் படிப்பார். ஆகவே மீதியை அவருக்கே எழுதுகிறேன். நீ பொறுத்துக்கொள்.

மதிப்புக்குரிய ஐயா,

என் பெயர் ஜப்பார். வயது ஐம்பத்துமூன்று. இதைச் சொல்லப் பொலிஸ் நிலையத்துக்கு மூன்று தரம் போனேன். முதல் நாள் வாசலில் நின்றவர் ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிங்களத்தில் எழுதித் தந்தார். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. இரண்டாம் நாள் ஸியாத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் பாதித் தூரத்தில் நின்று என் உள்ளங்கையில் விரலால் எழுதினான், “எனக்கு நாலு பிள்ள, காக்கா” என்று. மூன்றாம் நாள் நான் சொல்ல வந்ததைத் தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி ஒரு பைலுக்குக் கீழே வைத்துவிட்டுக் கையைக் காட்டிப் போகச் சொன்னார்கள். இந்த நாட்டில் என் எழுத்தைக் கட்டாயம் படிக்க வேண்டிய ஆள் நீங்கள் ஒருவர்தான்.

என் மகள் கணினியை வெறுமையாகத்தான் கேட்டாள். நிரப்பச் சொன்னவன் நான். அதில் ஒரு ஆளின் பேச்சு கூடாது என்று அவள் போன டிசம்பரிலேயே எழுதினாள். எல்லாவற்றையும் அழிக்கப் பார்த்தாள். தடுத்தவனும் நான். அழித்தால் கடிதம் போட வேண்டாம் என்று பயமுறுத்தினேன். அவள் எழுதிய அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. கேட்டால் தருவேன்.

நான் காது கேளாதவன். அந்த இருநூற்றுப் பதினேழில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் பிள்ளைக்கு அனுப்பினேன். அது என் குற்றம். அதற்கு என்ன தண்டனை உண்டோ அதை எனக்குத் தாருங்கள். அவளுக்கு வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது.

மகளே, வர வேண்டாம் என்று நீ சொன்னாய். நான் வரவில்லை, எழுதத்தான் செய்தேன்.

ஜப்பார்

---

30.09.2019

வாப்பாவுக்கு,

சட்டத்தரணி அன்னலட்சுமி அம்மா தன் பைலுக்குள் வைத்து இதைக் கொண்டுவருகிறார். படித்ததும் அவர் முன்னாலேயே எரித்துவிடுங்கள்.

உங்கள் கடிதம் என் கைக்கு வரவில்லை. என்னை மேலே கூப்பிட்டு, இரண்டு பெரிய அதிகாரிகளுக்கு முன்னால் வாசித்தார்கள். வாசித்தவர் அந்தத் தமிழ் அதிகாரி. இளம் ஆள். ‘ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை’ என்ற வரியை அவர் இரண்டு தரம் வாசித்தார். பெரியவர்கள் அதைச் சிங்களத்தில் கேட்டுவிட்டு, கேட்காதவன் எதற்காக நிரப்பினான் என்று தங்களுக்குள் சிரித்தார்கள். என் டிசம்பர்க் கடிதத்தைப் பற்றிக் கேட்டார்கள். அப்படி ஒரு கடிதம் நான் எழுதவில்லை என்றேன். அதை எரித்துவிடுங்கள். அதில் என்னைக் காப்பாற்றுகிற வரி எதுவோ அதுவேதான் உங்களைப் பிடித்துக் கொடுக்கிறது.

பிறகு, இது உன் தகப்பனின் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஏப்ரல் கடிதத்தையும் பக்கத்தில் வைத்தார்கள். என் பெயரின் முதல் எழுத்துக்கு நீங்கள் போடுகிற வாலை இந்த நாட்டில் வேறு யாரும் போடுவதில்லை. சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் நான் எழுதப் பழகினேன். இல்லை என்றேன். இது என் வாப்பா எழுதியது இல்லை, ஊரில் யாரோ என்மேல் இரக்கப்பட்டு எழுதியிருக்கிறார்கள் என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இல்லை, இல்லை என்றே சொன்னேன். அந்த இளம் அதிகாரி குனிந்துகொண்டார்.

இரண்டையும் கையெழுத்து நிபுணரிடம் அனுப்பியிருக்கிறார்கள். அறிக்கை வர எட்டு மாதம், ஒரு வருடம் ஆகலாம் என்று அம்மா சொல்கிறார். அதுவரை எனக்குப் பிணை கேட்க முடியாது. போன மாதம் கேட்பதாக இருந்தது. அறிக்கை உங்கள் எழுத்துத்தான் என்று வந்தால் உங்களையும் எடுப்பார்கள், பொய் சொன்னதற்கு எனக்கு வேறு வழக்கும் வரும். நீங்கள் என்னை வெளியே எடுக்கத்தான் எழுதினீர்கள். எனக்குத் தெரியும். உங்களை நோகடிக்க இதை எழுதவில்லை. நடந்ததை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பைப் பற்றி யோசிக்க வேண்டாம். பல்கலைக்கழகம் என் பெயரை நிறுத்தி வைத்துவிட்டது. யதுர்சிகா என் வரைபடத்தைத் தன் கணினியில் முடித்துக் கொடுக்கப் பார்த்திருக்கிறாள். அதை ஏற்கவில்லையாம்.

இனி எனக்கு எழுதாதீர்கள். ஒரு வரிகூட வேண்டாம். நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்தையும் அந்த இரண்டோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். நலமா என்று கேட்டுக்கூட எழுதாதீர்கள். சாமான் பையில், பார்சலில், எங்கேயும் உங்கள் கையால் என் பெயரை எழுத வேண்டாம். ஹவ்வா மாமியைக் கொண்டு எழுதுவியுங்கள்.

சனிக்கிழமைகளில் பார்க்க விடுகிறார்கள். இடையில் கம்பி வலை இரண்டு அடுக்காக இருக்கிறது. இந்தப் பக்கம் நாற்பது பேர், அந்தப் பக்கம் நாற்பது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். காது நல்லவர்களுக்கே ஒன்றும் விளங்குவதில்லை. நீங்கள் வெள்ளைத் தொப்பியோடு முன்வரிசைக்கு வந்து நில்லுங்கள். நான் சத்தம் போட மாட்டேன். வாயை மட்டும் மெதுவாக அசைக்கிறேன்.

ஸஹ்றா